முந்நூறு அடிப் புல்

தார் போட்ட மூன்றாம் நாள் காலையில், பால்காரியின் வலது கால் புதுச் சாலையில் முழங்கால் வரை புதைந்தது. சற்று முன்புதான் ஆலைக்காரரின் லாரி பத்து டன் மூட்டையோடு அதே இடத்தைக் கடந்து போயிருந்தது. ஒரு கீறல் இல்லை. காலை இழுத்தெடுத்தபோது ஒட்டியிருந்தது தார் அல்ல, பழைய சேறு. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீர்மானத்தில் எழுதியதுதானே நடந்திருக்கிறது என்றார்கள்.

அந்தத் தீர்மானம் வந்த கதை இது. சாலைச் செலவில் அரசாங்கம் பாதிதான் தரும், மீதியை ஊர் போட வேண்டும். சாலையை ஒட்டி அவரவர் நிலம் எத்தனை அடியோ அத்தனைக்கு வரி என்று ஆலைக்காரர் சொன்னார். பால்காரியின் வாசலுக்கு எதிரே இருந்த அவருடைய ஆலை வாசல் நாற்பது அடி. அவள் நிலமோ நாடா மாதிரி சாலையை ஒட்டியே முந்நூறு அடி. அகலம் ஒரு வீட்டுக்கும் தொழுவத்துக்கும் சரி. "ரோட்டை ஒடைக்கிறது உங்க லாரி. என் மாடா ஒடைக்குது? எடைக்கு வரி போடுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. கட்ட மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் ஆலைக்காரர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: பணம் கட்டாத வீட்டாருக்கும், அந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இந்தச் சாலை கிடையாது. அதை எழுதியவன் ஊர் அலுவலகக் குமாஸ்தா, பால்காரியின் கூடப்பிறந்த அண்ணன். முத்து முத்தாக எழுதினான். எண்பத்தோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். சாலை அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

பால் எடுக்க வரும் வண்டி அவள் வாசல் பக்கம் திரும்பியதும் அச்சு வரை இறங்கியது. இரண்டு நாள் மல்லுக்கட்டிய ஓட்டுநர் பிறகு வரவில்லை. பதினொரு மாட்டின் பாலையும் அவள் சாக்கடையில் ஊற்றினாள். அப்புறம் பின்பக்க வரப்பு வழியே கேனைத் தலையில் சுமந்தாள். தீவன வண்டியும் வராமல் போகவே ஏழு மாடுகளை வந்த விலைக்குத் தள்ளினாள். அவள் கால் புதையும்போதெல்லாம் கடை பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். "வித்துட்டுக் கெளம்பச் சொல்லு, லாரி நிறுத்த எடம் வேணும்" என்று ஆலைக்காரர் இரண்டு முறை ஆள் விட்டார். பால்காரி இரண்டு முறையும் ஆளைத் திருப்பி அனுப்பினாள். இந்த நிலமும் போனால் நாலு மாட்டோடு எந்தச் சந்தில் போய் நிற்பது?

மழை பிடித்தது. சேறு என்றால் சேறாகவே இருந்து தொலையட்டும் என்று, தன் முந்நூறு அடிக்கு எதிரே சாலையில் இறங்கித் தீவனப் புல் நட்டாள். அறுபதாம் நாள் இடுப்பளவு நின்றது. அந்தப் புல் அவளுக்கும் அவள் மாடுகளுக்கும் மட்டும்தான். மற்றவர்கள் கண்ணுக்கு மாடுகள் வெறும் தாரில் வாயை வைத்து அசைபோட்டன. சைக்கிள்களும் லாரிகளும் புல்லுக்குள் புகுந்து ஒரு தாளும் சாயாமல் வெளியே வந்தன. பால் கூடியது. ஆறு வருடத்தில் நாலு மாடு பதினாலாயிற்று. ஊரில் ஒருவரும் அவளோடு பேசவில்லை, அவளும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏழாம் வருடம் சாலை பல்லிளித்தது. மறுபடியும் கூட்டம். இந்த முறை மேலிடத்து உத்தரவு: வண்டியின் எடைக்குத்தான் வரி. ஆலைக்காரர் கட்ட மாட்டேன் என்று எழுந்து போனார். அவர் பேரில் ரசீது எழுதாமல், அவர் பங்கையும் ஊரே திட்டிக்கொண்டு போட்டது. பழைய தீர்மானத்தை அடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பால்காரிக்கு இருந்தது ஒரு சைக்கிள். குமாஸ்தா வரிச் சீட்டோடு வந்து, அவள் வாசல் பக்கம் திரும்பாமல் சாலையிலேயே, அவள் கண்ணுக்கு நெஞ்சளவு புல்லில், நின்றான்.

"அரை லிட்டர் பால் காசுதான். உன் பேர்ல நானே கட்டிடறேன். நீ ரோட்டுக்கு வந்துடு."

"கட்டிப் பாரு, கையை ஒடிச்சிடுவேன். மாடு எதைத் தின்னும்?"

"ஏழு வருஷம் கழிச்சுப் பேசற பேச்சா இது?"

"நீ எழுதினதைத்தான் அதுங்க மேயுது. போ."

அவன் போனான். புதுத் தார் விழுந்தது. புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் சாலையைத் திறந்துவிட்டதும், ஆலையை விட்டு வெளியே வந்த ஆலைக்காரரின் லாரி அவள் வாசலுக்கு நேரே அச்சு வரை இறங்கியது. ஓடி வந்த ஆலைக்காரரும் இடுப்பு வரை இறங்கினார். அப்போதுதான் அவர் கண்ணுக்கும் புல் தெரிந்தது. பத்தடி தள்ளி அவள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கயிறு இருக்குமா?" என்றார்.

"இருக்கு. மாடு கட்டியிருக்கு."

அவரைச் சுற்றி இருந்த புல்லையும் அறுத்துக் கட்டி எடுத்துக்கொண்டு பால் கறக்கப் போனாள். பொழுது சாய்வதற்குள் அவர் மகன்கள் வந்து, சாலையில் கால் வைக்காமல் ஓரத்தில் நின்றே கயிறு போட்டு அவரை இழுத்தெடுத்தார்கள். லாரியை முடியவில்லை. இன்றுவரை அவரும் கட்டவில்லை, அவளும் கட்டவில்லை. பணம் கட்டியவர்கள் லாரிக்கு ஊடாகவே போய் வருகிறார்கள். வெயில் ஏறினால் அதன் நிழலில் அவளுடைய கன்றுகள் படுத்துக்கொள்கின்றன.