முழங்கைக்கு மேலே ஒரு புள்ளி

எடை மெஷினுக்குக் கூச்சநாச்சமே கிடையாது. சதையா, கொழுப்பா, வெறும் நீரா என்றெல்லாம் பார்க்காது. ஏறி நின்றதை மொத்தமாகக் கூட்டிச் சொல்லிவிடும். அதை நம்பித்தான், மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருப்பவள் தன் சொந்த அக்காவைக் கோட்டை விட்டாள்.

நோயில் விழுந்த பிறகும் மூன்று மாதம் அக்காவின் எடை இம்மியும் குறையவில்லை. "கல்லு மாதிரி இருக்கே, போ" என்று ஒவ்வொரு முறையும் கேலி செய்து அனுப்பினாள். உள்ளே சதை கரையக் கரைய, வீக்கத்தின் நீர் அந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது. கடைசி நாளில்தான், நினைவில்லாமல் கிடந்தவளின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, வீக்கம் ஏறாத இடத்தில், பேனாவால் புள்ளி வைத்து அளவு நாடாவைச் சுற்றினாள். வந்த எண்ணைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து யார் கையில் புள்ளி வைத்தாலும், அக்காவின் கைதான் சில்லென்று அவள் விரல்களுக்குள் வந்து கிடக்கும்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் அக்காவின் கணவர். வேலை செய்யும் இடத்தில் கேட்ட உடல்தகுதிச் சான்றில் எடை, உணவுப் பகுதிக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்தார். முழுக்கைச் சட்டை, தொப்பை, உப்பிய முகம்.

"போன வருஷ எடைதாம்மா. கையெழுத்துப் போட்டுக் குடு, கெளம்பறேன்."

அவள் பேனாவை எடுத்தாள். என்னவோ தோன்றி, குனிந்து அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே இருந்தது. உள்ளே நீர் கோத்திருந்தது.

"சட்டைக் கையை மேல ஏத்துங்க மாமா."

"இப்ப எதுக்கு?"

"ஏத்துங்க."

உள்ளே கை குச்சியாக இருந்தது. புள்ளி வைத்தாள். நாடா இருபது சென்டிமீட்டரில் நின்றது; இருபத்துமூன்றாவது இருந்திருக்க வேண்டும்.

"சாப்பிடறீங்களா இல்லையா?"

"தனியா உக்காந்தா தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது." அவர் கண் புள்ளியிலேயே இருந்தது. "அவ கையிலயும் இது இருந்துச்சு. கடைசியாக் குளிப்பாட்டுனப்ப நான்தான் தேய்ச்சேன். போகலை. என்னவா இருக்கும்னு இத்தனை நாளா மண்டையக் கொடஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவளுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"பதினேழரை." முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"மூணு மாசம் முன்னாடியே இதைச் சுத்தியிருந்தா?"

"இதே இருபது வந்திருக்கும் மாமா. அப்பவே வார்டுல சேர்த்திருக்கலாம்."

அழுதுகொண்டே, இவரை இன்றே வார்டில் சேர்க்கச் சொல்லி டாக்டருக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தாள்.