தவசி கடைசியாகச் சொன்னது

ஓடையைக் கடக்கும் இடத்தில் குழாய்க்கான பள்ளம் ஆளை மறைக்கும் ஆழம். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் ஊறிக் கிடந்தது. பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்க வேண்டாம் என்று உதவிப் பொறியாளர் கனகலட்சுமி சொல்லியிருந்தாள். பலகை மத்தியானம் வந்துவிடும் என்றார்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அதற்குள் கூலியாள் தவசி மண் அள்ள இறங்கிவிட்டான். கரை பெயர்ந்து அவன்மேல் விழுந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. வைகைக் கரைக் கிணறுகளிலிருந்து பேரையூருக்கும், அதைத் தாண்டியிருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் வேலை. கனகலட்சுமிக்கு அதுதான் முதல் உத்தியோகம். மதுரை தெற்குமாசி வீதியில் சேலைக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். தினமும் பஸ் பிடித்து வருவாள்.

மேஸ்திரி விருமாண்டியும் மற்றவர்களும் மண்ணை வாரி எறிந்து தவசியை மார்பு வரை வெளியே கொண்டுவந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது.

"தண்ணி," என்றான்.

சித்தாள் ஒருத்தி தூக்குவாளியோடு ஓடி வந்தாள்.

"குடுக்காதீங்க," என்றாள் கனகலட்சுமி. "வயித்துல அடிபட்டிருந்தா தண்ணி குடுக்கக் கூடாது."

கல்லூரியில் முதலுதவி வகுப்பில் படித்தது. தவசி மறுபடியும் கேட்டான். சித்தாள் கனகலட்சுமியைப் பார்த்தாள். இவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அதன் பிறகு அவன் கனகலட்சுமியை நேராகப் பார்த்து வேறு ஏதோ சொன்னான். மேட்டில் பொக்லைன் இரைந்துகொண்டிருந்தது. ஜீப் திருமங்கலம் ஆஸ்பத்திரியைச் சேருமுன் உயிர் போய்விட்டது.

தண்ணீர் கொடுக்காதது சரிதான் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தை அவளுக்கு எதற்கும் உதவவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. அம்மா ஏன் என்று கேட்டாள். தமிழில் வராத எதையும் வீட்டு மொழியில் சொல்லிவிடுகிறவள் கனகலட்சுமி. இது எதிலும் வரவில்லை.

காரியம் முடிந்ததும் தவசியின் மனைவி முத்துத்தாய் அதே வேலைக்கு வந்தாள். வேறு வேலை அந்த வறண்ட சீமையில் இல்லை. மண்ணைச் சுமந்தாள். யாரோடும் அதிகம் பேசவில்லை.

குழாய் பதித்து முடித்துச் சோதனைக்காகத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். ஓடைப் பகுதியில் மட்டும் அழுத்தமானியின் முள் நிற்காமல் இறங்கியது. தோண்டிப் பார்த்தார்கள். மூட்டுகள் காய்ந்தே இருந்தன. மறுபடி நிரப்பினார்கள். மறுபடியும் இறங்கியது.

"தண்ணி எங்க போகுது?" என்றாள் கனகலட்சுமி.

விருமாண்டி தரையைப் பார்த்தபடி சொன்னார். "தவசி குடிக்கிறான் மேடம். பயலுக அப்படித்தான் பேசுறாய்ங்க. எனக்கும் அப்படித்தான் படுது."

அன்றைக்கு அவள் அவரைத் திருத்தவில்லை. சாயங்காலம் எல்லோரும் போனபின் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, அந்த இடத்து மண்ணில் ஊற்றினாள். கரிசல் வெடிப்பு சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. தினமும் ஊற்றினாள். பஸ்ஸில் திரும்பும்போது மட்டும் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

பிறகு அந்த இடத்துக் குழாய் ஒன்றின் அடிவயிற்றில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடித்தார்கள். கீழே கிடந்த பாறைமுனை அழுத்தி விழுந்த வெடிப்பு. கசிந்த நீர் பாறை இடுக்கு வழியாக இறங்கியிருந்தது. வேறு குழாய் மாற்றியதும் முள் அசையாமல் நின்றது. ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு டீ குடித்தார்கள். கனகலட்சுமி தனியே போய் உட்கார்ந்தாள். அப்படியானால் அவன் குடிக்கவே இல்லை.

முத்துத்தாய் அருகில் வந்து நின்றாள்.

"இங்கன தண்ணி ஊத்துறத நான் பாத்தேன். எதுக்கு ஊத்துனீங்க?"

கனகலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். நான்தான் கொடுக்கவிடவில்லை என்றாள். அடிக்கட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று காத்திருந்தாள். முத்துத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி கேட்டத தூக்குவாளி கொண்டாந்த புள்ள வந்து அன்னைக்கே சொல்லிருச்சு," என்றாள். "அப்பொறம் என்னமோ சொன்னாராம்ல. ஒங்களப் பாத்துத்தான் சொன்னாராம். என்ன சொன்னாரு?"

"கேக்கலக்கா. வண்டிச் சத்தம்."

"நெனச்சுப் பாருங்க."

அதோடு அவள் விடவில்லை. சம்பளம் வாங்க வரும்போது, கனகலட்சுமி இருக்கும் பம்ப் அறையைக் கடக்கும்போது, வந்து நிற்பாள். "ஞாபகம் வந்துச்சா?" குரலில் கோபம் இருக்காது. கனகலட்சுமி கண்ணை மூடினால் அந்த உதடுகள் அசைந்தன. சில நாள் அது ஒரு பெயர் மாதிரி இருந்தது, சில நாள் ஒரு வசவு மாதிரி. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர்கள் பேச்சும் அவளுக்குக் கேட்காமல் போனது.

ஒருநாள் தாங்க முடியவில்லை.

"ஞாபகம் வந்துருச்சுக்கா. ஒங்க பேரத்தான் சொன்னாரு. முத்துத்தாய்னு."

முத்துத்தாயின் முகம் மலர்ந்து, மெல்ல அடங்கியது.

"அவரு என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லையே," என்றாள். "‘இந்தா புள்ள’ம்பாரு. அம்புட்டுத்தான்."

கனகலட்சுமியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பரவால்ல. ஒங்க மனசு ஆறச் சொன்னீங்க. நெசமா வரும்போது சொல்லுங்க. நா வாரேன்."

பேரையூர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியது. தெருக்குழாய்களில் பெண்கள் வரிசை நின்றார்கள். சுரங்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மதுரைக்கு மாற்றல் ஆணை வந்தபோது வீட்டில் இனிப்பு வாங்கி வைத்திருந்தார்கள். கனகலட்சுமி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். பைத்தியமா உனக்கு என்று அப்பா சத்தம் போட்டார்.

மறுநாளும் அவள் பேரையூர் பஸ்ஸில் ஏறினாள். வேலை முடிந்து மண் சுமக்கும் ஆட்கள் கலைந்துவிட்டாலும் முத்துத்தாய் சனிக்கிழமைதோறும் பம்ப் அறைக்கு வந்துகொண்டிருந்தாள். வரும்போது அங்கே ஆள் இருக்க வேண்டும்.