கூரை திறந்திருந்த நாள்

இப்போது நான் இருப்பது அடுக்குமாடி வீடு. மழை பெய்கிறதா என்று சன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டு வீட்டில் அப்படியா? முதல் துளி விழும்போதே தலைக்கு மேல் சத்தம் கேட்கும். அடுத்த சத்தம், நான் பாத்திரம் தேடி ஓடுவது. என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் கூரை போடுகிறவர், எங்கள் கூரை மட்டும் ஒழுகும். அதை நான் சொல்லிக்காட்டாத மழைநாள் கிடையாது. அந்த ஒழுகலுக்காக ஒருநாள் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

எந்த வீட்டிலும் முதல் ஓட்டை எடுத்ததும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, "சாமி, கூரை திறந்திருக்கு, பாத்துக்கோ" என்பார். அவ்வளவுதான் அவருடைய பிரார்த்தனை. பக்கத்திலேயே தார்ப்பாய் மடித்துத் தயாராக இருக்கும். இவ்வளவு நம்புகிறவருக்குத் தார்ப்பாய் எதற்கு என்று ஒருமுறை வம்புக்கு இழுத்தேன்.

"பாத்துக்கோன்னு சொல்லிட்டு நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? அவரு என்ன நான் வச்ச வேலையாளா?" என்றார்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர் அண்ணன். அவருக்கும் இதே தொழில். அப்பா விட்டுப்போனது ஒரு வீடும் ஒரு நீள ஏணியும். வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஏணியை எப்படிப் பிரிப்பது? யார் வேலைக்கு முதலில் என்று தொடங்கிய பேச்சு வாய் தடித்து, அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏணி எங்கள் பக்கம் நின்றுவிட்டது. எனக்கும் அண்ணன் மனைவியான என் ஓரகத்திக்கும் ஒரு சண்டையும் இல்லை. ஆனாலும் அவரவர் வீட்டுக்காரருக்காக நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

எங்களுக்குப் பல வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள், மாதம் நிறையும் முன்பே. ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளை வீட்டுக்கு வருவதற்குள் கூரையைச் சரிசெய்துவிடுகிறேன் என்று அவர் கிளம்பிப் போனார். ஆனால் எதிர்பாராமல் ஒரு காலையில், இடமில்லை, இன்றைக்கே கூட்டிப் போங்கள் என்றார்கள். குளிர் மட்டும் படக் கூடாது, பட்டால் தாங்காது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

வண்டி பாதி வழி வரும்போதே வானம் கறுத்துவிட்டது. வீட்டு வாசலில் இறங்கி உள்ளே போனால், தலைக்கு மேல் ஒரு ஓடு கூட இல்லை. மற்றவர் வீட்டில் மூடமுடிகிற அளவுதான் திறப்பார். சொந்த வீடுதானே என்று மொத்தமாகப் பிரித்திருக்கிறார்.

தார்ப்பாய் எங்கே என்று கேட்டேன். முந்தின நாள் வேலை பாதியில் நின்ற வீட்டில் ஒரு நோயாளி படுத்திருக்கிறாராம். அதனால் அங்கேயே போர்த்திவிட்டு வந்தாராம். அவர் சொல்லி முடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"பாத்துக்கிட்டாரா உங்க சாமி?" என்றேன். அந்த மனிதர் கையில் ஓட்டோடு நின்றார்.

நான் பிள்ளையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நிலைப்படியோடு ஒட்டி நின்றேன். அவள் அழவில்லை. உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. மானம் ரோஷம் எல்லாம் பறந்துபோய், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடலாம் என்று காலை எடுத்து வைத்தேன். எதிரே என் ஓரகத்தி வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்குள் மழை விழும் சத்தம் அங்கே கேட்டிருக்கிறது. ஓட்டில் விழும் மழைக்கும் தரையில் விழும் மழைக்கும் வித்தியாசம் கூரைக்காரர் மனைவிக்குத் தெரியாதா?

"குடு" என்று கையை நீட்டினார். வாங்கி, தன் துணிக்குள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் அண்ணன், தோளில் தார்ப்பாயோடு, எங்களைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் போனார்.

"ஏணியப் பிடிடா" என்றார் தம்பியிடம்.

திரும்பிப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மழையில் அழுதால் தெரியாது என்பதெல்லாம் சும்மா. நன்றாகவே தெரிந்தது.

அந்த வீட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் கழித்து என் பெண் வீல் என்று கத்தினாள். அந்தச் சத்தம் போதும் எனக்கு என்று உட்கார்ந்துவிட்டேன்.

கூரை முடியும் வரை அங்கேதான் இருந்தோம். ஏணி அதற்குப் பிறகு சுவரின் முனையில், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்றது. அன்றைக்குக் காலையில் சாமியிடம் சொன்னீர்களா இல்லையா என்று அவரைக் கேட்டேன்.

"சொன்னேன். மழை வேணாம்னுதான் கேட்டேன். அண்ணன் வேணும்னு கேக்க வாய் வரல. அது சாமிக்குத் தெரிஞ்சிருக்கு."

அதற்காகப் பச்சைப் பிள்ளையை நனைக்க வேண்டுமா என்று எனக்கும் சாமிக்கும் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

அண்ணன், தம்பி இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் பெண் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் நாள் நெருங்கும் முன்பே வலி கண்டு, இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பேய்மழை. ரயில் இல்லை, பஸ் இல்லை. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, பால்கனியில் போய் நின்றேன். என் வீட்டுக்காரருக்கு வாய்த்த நம்பிக்கை எனக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

"சாமி, கூரை திறந்திருக்கு. பாத்துக்கோ."

மத்தியானம் போன் வந்தது. பெண்ணின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, சின்னதாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்றாள். யாரடி இருக்கிறார்கள் உன்கூட என்று பதறினேன்.

"பெரியம்மா வந்துட்டாங்கம்மா. பக்கத்து ஊர்ல மகன் வீட்லதானே இருக்காங்க, யாரோட வண்டியிலயோ ஏறி வந்திருக்காங்க. இந்த வயசுல முழுசா நனைஞ்சுபோய். தலையக் கூடத் துவட்டல. வந்ததும் 'குடு'ன்னு கைய நீட்டுறாங்க."