ஐந்தாவது ஆளுக்கு ஒரு பட்டன்

மூத்தவள் உருவாக்கிய பலகை விளையாட்டில் யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாது. மூழ்கும் தீவிலிருந்து எல்லோரும் ஒரே படகில் தப்பினால் எல்லோருக்கும் வெற்றி. ஒருவர் நின்றுபோனாலும் எல்லோருக்கும் தோல்வி. நாலு பேருக்கென்று கச்சிதமாகச் செய்து, பெட்டிக்குப் படம்கூட வரைந்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, அதை வெளியிடப்போகிற கம்பெனிக்காரர், ஐந்து பேர் ஆடுகிற மாதிரி திங்கட்கிழமைக்குள் மாற்றிக் கொடுங்கள் என்றுவிட்டார். சொல்ல அவருக்கென்ன, வாய் வலிக்குமா?

ஞாயிறு காலை தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். வந்த காரியம் வேறு. தனியாக இருந்த அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒரு வாரத்துக்கென்று மூத்தவள் வீட்டுக்கு வந்தவர், மூன்று வாரமாகக் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். இனி அவர் யாரோடு இருப்பது என்று பேசத்தான் கூடினார்கள். காபி குடித்தார்கள், பெட்ரோல் விலையைத் திட்டினார்கள். அந்தப் பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. மூத்தவளுக்கும் தைரியம் வரவில்லை. அவள் கணவனையும் சேர்த்தால் சரியாக ஐந்து பேர்; விளையாட்டை ஆடிப் பார்க்கலாம் என்று மேசையை ஒழித்தாள்.

ஐந்தாவது காய் இல்லை. அப்பா தன் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பட்டனைப் பிய்த்து வைத்தார்.

"இதுதான் நான்" என்றார்.

மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் படகு மூழ்கியது. ஆள் ஏற ஏறப் படகில் தண்ணீர் ஏறும் என்பது விதி. ஐந்து பேரோடு போனால் கரைக்கு ஒரு கட்டம் இருக்கும்போதே கதை முடிந்துவிடும். மூத்தவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு அளவைக் கூட்டினாள், குறைத்தாள். எதுவும் கதைக்கு ஆகவில்லை. தம்பி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

நாலாவது ஆட்டத்தில் அப்பா பட்டனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, தான் சும்மா பார்ப்பதாகச் சொன்னார். படகு அலுங்காமல் கரை சேர்ந்தது. தம்பி மேசையைத் தட்டிக் கத்தினான், மூத்தவளின் கணவன் அவனோடு கை தட்டிக்கொண்டான். வெட்கக்கேடு, மூத்தவளும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அப்பாவும் சிரித்தார். "பாத்தியாம்மா, எவ்வளவு சுலபமாப் போச்சு."

பிறகு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில், பூங்காவுக்குப் பின்னாலிருக்கும் முதியோர் இல்லத்தில் பேசிவிட்டதாகவும், நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

தம்பி காய்களை அடுக்கினான். அவன் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூத்தவளின் கண் விதிகள் எழுதிய தாளில் விழுந்தது. ஒருவர் நின்றுபோனாலும் எல்லோருக்கும் தோல்வி என்று எழுதியவள் அவள்தானே?

"பட்டனை வைங்கப்பா. இன்னொரு தடவை ஆடலாம்."

"மறுபடியும் முழுகிடுமேம்மா."

முழுகட்டும் என்று சொல்ல வாயெடுத்தவள், கணவனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

அப்பா பையிலிருந்து பட்டனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதைத் தெச்சுக் குடும்மா. நாளைக்குப் போட்டுக்க வேற நல்ல சட்டை இல்ல."