கைதட்ட விட்ட இடம்

1974 ஆகஸ்டில் மயிலாப்பூரில் ஒரு வாசகர் மன்றம் ‘என் நாடு’ என்று கவியரங்கம் வைத்தது. நானும் வெள்ளைச்சாமியும் படித்தோம். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பார்த்தேயிராத இந்தியாவுக்குத் ‘தாயகம் திரும்பியவர்’ என்று கப்பலேற்றப்பட்டவர். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடித்துக்கொண்டிருந்தார். சென்னையில் அவருக்கு என்னைத் தவிரப் பழக்கம் இல்லை. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

கவியரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரி பிடித்துவிட்டால் கூட்டம் ‘மறுபடி!’ என்று கத்தும். கவிஞர் திரும்பப் படிக்க வேண்டும். அதனால் கனத்தைக் கடைசிச் சொல்லில் ஏற்றி, கைதட்டுவதற்கு அங்கே சிறிது நிறுத்துவோம்.

‘நாடே, உன் கொடிக்கு உயரம்;
உன் அரிசிக்கு வரிசை!’

என்று படித்தேன். தொண்டை வறளும்வரை மறுபடி கேட்டார்கள்.

அடுத்து வெள்ளைச்சாமி.

‘உன் நாட்டுக்குப் போ என்றார்கள் அங்கே.
வந்தேன்.
எப்போது திரும்பிப் போகிறாய்
என்கிறார்கள் இங்கே.
கொழுந்து கிள்ளிய கைக்கு
இரண்டு நாடும் ஒரே பதில்:
வேலை முடிந்தது.’

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “இன்னா நைனா, எங்க ஊரு சோத்தத் துன்னுகினு எங்களயே திட்டிக்கினு கீற? உன் நாட்டத் திட்டு!”

“அது எதுங்க?” என்றார் வெள்ளைச்சாமி. கிண்டலாக அல்ல, வழி கேட்பவர்போலத்தான் கேட்டார். அரங்கமே சிரித்தது.

பிறகு குளத்துச் சுவரோரம் நடந்தோம். எனக்கு எதையும் பிரித்துக் காட்டினால்தான் தூக்கம் வரும்.

“நான் நாட்டக் கூப்பிட்டு, எதிர்ல நிக்கவெச்சுத் திட்டறேன். கேக்கறவன் என் பக்கம் வந்து நின்னுக்கறான், அவனுக்கு வலிக்கல. நீங்க திட்டவே இல்ல. ரெண்டு பேர் சொன்னதப் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு நகந்துட்டீங்க. கேக்கறவனுக்கு நிக்க இடமில்ல. கைதட்டவும் நீங்க இடம் விடல.”

“அப்ப குறை கவிதையிலதானே? எங்கிட்ட இல்லியே?”

“கவிதையிலதான்.”

அவர் முகம் தெளிந்தது. “கவிதைன்னா திருத்திரலாம். ஆனா நிச்சயமாத் தெரியணும் சார். இத நீங்க ஒருக்கா படிங்க. எழுதினது யாருன்னு கடைசியில சொல்லுங்க. உங்களப் பாத்தும் சிரிச்சாங்கன்னா, திருத்தி எழுதிக்கிட்டு இங்கயே இருப்பேன்.”

“சிரிக்கலைன்னா?”

“கோத்தகிரிக்குப் போயிருவேன். எங்க ஆளுங்க அங்க தேயிலைத் தோட்டத்துல இருக்காங்க.”

அடுத்த மாதம் அடையாறில் ஒரு கவியரங்கம். அவர் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல், எங்கும் நிறுத்தாமல் படித்தேன். சிரிக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

“மறுபடி!” என்று ஒரு குரல். உடனே எல்லாப் பக்கமிருந்தும் அதே குரல், கைதட்டல். தலைமை தாங்கிய ராஜகோபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேஷ்! அவாளாவே மாறிட்டார் பாருங்கோ. என்ன மனசு!”

“எழுதினது நான் இல்லை,” என்றேன் ஒலிபெருக்கியில். “வெள்ளைச்சாமி. இலங்கையிலிருந்து வந்தவர். அதோ…”

தலைகள் திரும்பின. கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

பேருந்து நிறுத்தத்தில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. அவர் என்மேல் கோபமாக இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்டவர்போல இருந்தார்.

“கவிதையில ஒரு குறையும் இல்ல சார்,” என்றார்.

தி.நகர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். அது போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அறைக்குப் போக அவசரம் எதுவும் இல்லை.