ஆண்டவரிடம் மட்டும்தான்

பைபிள் மேல் கை வைத்துச் சொல்வது: கூட்டியோ குறைத்தோ ஒரு சொல் இதில் கிடையாது. இருந்தால், இனி தாம்பரத்துக்கு எந்த மின்சார ரயிலும் நேரத்துக்கு வராமல் போகட்டும்.

ஞானஜோதி டீச்சரின் மகள் ஜெரூஷாவுக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பு. வகுப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. நீக்கிய பிறகும் அவள் கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் தேடியது. குளிக்கும்போது கை மட்டும் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போய், திரையைப் பார்த்துவிட்டு வரும். தரையில் ஈரத்தடம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"தூக்கமே வரலம்மா. எல்லாரும் எங்கயோ என்னைப் பத்திப் பேசிட்டே இருக்கற மாதிரி இருக்கு. நான் இல்லாமப் போனாகூட ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க."

ஞானஜோதி கையைத் துடைக்காமலே மகளைக் கட்டிக்கொண்டாள். சட்டை முதுகெல்லாம் செதில்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. அப்பாகிட்ட கூட."

"ஆண்டவர்கிட்ட மட்டும்தாண்டி சொல்வேன்."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஜெரூஷா இரண்டாவது முறை சோறு கேட்டாள்.

ஆண்டவரிடம் சொல்ல ஞானஜோதிக்குத் தெரிந்த வழி, சபைப் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழு. ஜெப விண்ணப்பம் போட்டால் இருநூற்றுப் பத்துப் பேர் ஜெபிப்பார்கள். பெயர் போடக்கூடாது என்பது அங்கே ஒழுங்கு. அவள் ஒழுங்கு தவறாதவள்.

"பெயர் வேண்டாம். சேலையூர், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் மாடி வீடு. எட்டாம் வகுப்பு மகள். நெட்டை, கண்ணாடி. போனுக்கு அடிமை. சாவைப் பற்றிப் பேசுகிறாள். பாரத்தோடு ஜெபிக்கவும்."

கூப்பிய கைகள் வரத் தொடங்கின. கீழ்க்கட்டளையிலிருந்து, மாடம்பாக்கத்திலிருந்து, தோஹாவிலிருந்து. அம்மாவின் போன் அதிர்ந்து அதிர்ந்து மேசையைவிட்டு இறங்கி, மாடிப்படி பதினெட்டும் இறங்கி, வேளச்சேரி சாலையில் ஒரு ஸ்டாப் தூரம் போய்விட்டது. கீழ்வீட்டு ராஜகோபாலன் சார்தான் மடக்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

"நல்லா சாப்டும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார் ஜெரூஷாவிடம். அவர் பெருமாள் கோயில்காரர். விண்ணப்பம் அவருக்கும் வந்திருந்தது.

அன்று மாலையே வகுப்புக் குழுவில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்ததும் அந்த விண்ணப்பத்தைப் போட்டார்கள். அடியில் ஏஞ்சல் எழுதியிருந்தாள்: "நெட்டைக்காக ஜெபிக்கிறோம்."

ஜெரூஷா போனை அம்மா முன்னால் வைத்தாள்.

"சொல்ல மாட்டேன்னு சொன்ன."

"பேரு போடலையேடி."

"ம்."

"உன் நல்லதுக்குத்தானே. உனக்காக எத்தனை பேர் அழறாங்க தெரியுமா?"

"தெரியும். படிச்சேன்."

அதற்குப் பிறகு அவள் போனைத் தொடவில்லை. அம்மாவிடம் பேச்சும் அந்த 'ம்'மோடு சரி. சாப்பிட்டியா என்றால் ம். தூக்கம் வருதா என்றால் ம். கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கியிருந்தது. ஞானஜோதி கண்ணாடிக் கடையை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துச் சபைக் குழுவில் சாட்சி எழுதினாள்: "ஜெபம் கேட்கப்பட்டது. மகள் போனையே தொடுவதில்லை. வீட்டில் பூரண சமாதானம்."

இந்த விவரம் முழுவதும் எனக்குப் படப்பையிலிருந்து ஒரு ஃபார்வர்டில் வந்தது. அது மொத்தமே நாலு வரி.