பக்கம், வரி, சொல்

மாலை ஆறரைக்குத் தொலைபேசி அடித்தபோது மூக்குக்கண்ணாடிக் கடையில் நான்கு பேர் இருந்தார்கள். பரிசோதனை நாற்காலியில், கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் சுமந்துகொண்டு ஒரு பேருந்து ஓட்டுநர். அவருக்கு எதிரே, முக்காலியிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்து வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்த பெரியவர். வாசல் மேசையில், வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளும் அவருடைய மனைவி. மரத் தடுப்புக்குப் பின்னால், வில்லை தேய்க்கும் இயந்திரத்தில், எதைக் கேட்டாலும் "நூலிழைதாங்க பாக்கி" என்று சொல்லிச் சொல்லியே நூலிழை என்று பெயர் வாங்கிவிட்ட வேலையாள்.

முதல் மணிக்கே பெரியவரின் இடது கை இழுப்பறையைத் திறந்துவிட்டது. கருஞ்சிவப்பாக ஒரு புத்தகம் வெளியே வந்தது. மனைவி ரிசீவரை எடுத்து, "ஆமாங்க, நாளைக்கு மத்தியானம் வாங்க, ரெடியாயிடும்" என்று சொல்லி வைத்தார். புத்தகம் திரும்ப உள்ளே போயிற்று. யாரும் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கடையில் பார்க்காமல் இருப்பதும் வேலையில் சேர்ந்ததுதான்.

"ஐயா, இப்ப ஒண்ணுமே தெரியலீங்களே" என்றார் ஓட்டுநர்.

பெரியவர் அவருடைய இரண்டு கண்ணுக்கும் கறுப்புத் தட்டைப் போட்டுவிட்டிருந்தார்.

"பஸ்ஸ நிறுத்திட்டுத்தானே வந்தீங்க?" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து நூலிழை கேட்டான். பெரியவர் சிரிக்கவில்லை. இருபத்து மூன்று நாட்களாக அவர் சிரிக்கவில்லை. அதற்கு முன்பும் அதிகம் சிரித்தவர் இல்லை என்பதால் வெளியே தெரியவில்லை.

அந்தப் புத்தகம் ஒரு கணினி விளையாட்டின் கையேடு. பெரியவரும் அவர் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே கடையில் இருந்த காலத்தில், தம்பி தன் மகளுக்காக வாங்கியது. கப்பலோட்டும் விளையாட்டு. கனத்த அட்டைப் பெட்டிக்குள் நான்கு ஃபிளாப்பிகள், மடித்த கடல் வரைபடம் ஒன்று, அறுபத்து நான்கு பக்கத்தில் இந்தக் கையேடு. விளையாட்டு வாங்கிய கடையிலிருந்து வீட்டுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் தம்பி கையேட்டை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். எந்தக் கப்பலுக்கு எத்தனை பாய், எந்தக் காற்றில் எந்தத் துறைமுகம், பீரங்கியில் குண்டு தீர்ந்தால் என்ன செய்வது. குழந்தை அவர் மடியில். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் ஒரு வரியைக்கூட விடவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் எல்லோரும் பாதிக் கடலைத் தாண்டியிருந்தார்கள். பிறகு திரையில் பார்த்த கப்பல் நான்கு கோடும் ஒரு முக்கோணமுமாகத்தான் இருந்தது. அதனால் யாருக்கும் குறையில்லை. கப்பல்தான் ஏற்கெனவே பேருந்தில் வந்துவிட்டதே.

அந்த விளையாட்டு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஒரு கேள்வி கேட்கும். கையேட்டில் இத்தனாம் பக்கம், இத்தனாம் வரி, இத்தனாம் சொல் என்ன? சொன்னால்தான் துறைமுகம் திறக்கும். திருட்டுத்தனமாகப் படியெடுத்து ஓட்டுகிறவர்களைத் தடுப்பதற்கான ஏற்பாடு. நகல் இயந்திரத்தில் வைத்தால் பக்கம் முழுக்கக் கரியாக வரட்டும் என்றே கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்தை அச்சடித்திருந்தார்கள். பெரியவருக்கு அந்தத் தாள் வேறு விதத்தில் பிடித்துப்போயிற்று. கண்ணாடி போட்டு முடித்தவரிடம் கடைசியாக அதை நீட்டுவார். இதைப் படித்துவிட்டால் உலகத்தில் எதையும் படித்துவிடலாம். அப்படித்தான் கையேடு பகலில் கடையிலும் மாலையில் வீட்டிலுமாக இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு பள்ளி ஆசிரியை புதுக் கண்ணாடியோடு தலைவலி என்று திரும்பி வந்தார். தம்பி வாங்கிப் பார்த்தார். கடையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போதே, "அண்ணன் தப்பாப் போட்டுட்டாரும்மா. தொண்ணூறு டிகிரில இருக்க வேண்டிய வில்லையோட அச்சு நூத்தியெம்பதுல இருக்கு" என்றார். சொன்னது உண்மை. அன்று இரவே பெரியவர் வில்லையை அளந்து பார்த்து உண்மை என்று தெரிந்துகொண்டார். ஆனால் அவர்கள் அப்பா கடை வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்ததில்லை. தம்பி மூன்று தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனார். மருத்துவமனையில் கண் பரிசோதகர் வேலையில் சேர்ந்தார். சொன்னதை அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் திரும்பப் பெறும்வரை அவன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று பெரியவர் சொன்னார். அந்த ஏழெட்டுப் பேரை இனி எங்கே போய்த் தேடுவது என்று யாரும் கேட்கவில்லை. வெளியார் இதைச் சண்டை என்பார்கள். கண்ணாடிக்கார வீட்டில் சண்டை போடும் வழக்கம் இல்லை. பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கணினி தம்பியோடு போயிற்று. கையேடு கடை இழுப்பறையில் நின்றுபோயிற்று. நாலாம் நாள் மாலை குழந்தை தொலைபேசியில் கூப்பிட்டது.

"பெரியப்பா, கப்பல் உள்ள விட மாட்டேங்குது. பன்னெண்டாம் பக்கம், நாலாவது வரி, முதல் வார்த்தை."

"நங்கூரம்" என்றார் பெரியவர். "தினமும் இதே நேரத்துக்குக் கேளு. சொல்றேன்."

"புத்தகத்தையே குடுத்துடுங்களேன்."

"கடைச் சாமான் கடைய விட்டுப் போகாதும்மா."

குழந்தை வளர்ந்து பரீட்சை, கல்லூரி என்று போன பிறகு ஒரு மாலை ஆறரைக்கு மணி அடித்தது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தம்பியின் குரல். "முப்பத்தொண்ணு. ஏழு. ரெண்டு."

பெரியவர் புரட்டினார். "திசைகாட்டி" என்றார்.

தொலைபேசி வைக்கப்பட்டது.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு முறை. மூன்று எண், ஒரு சொல். எப்படி இருக்கிறாய் என்று இவர் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. ஆனால் சளி பிடித்திருந்தால் எண்ணிலேயே தெரிந்துவிடும். மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போன வாரம் "நாப்பது" என்ற சொல் பாதியில் உடைந்தது. பெரியவர் அன்று சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். தம்பிக்கு மாமனார் இறந்தபோது ஒன்பது நாள் அழைப்பு வரவில்லை. பத்தாம் நாள் வந்தபோது பெரியவர் சொல்லைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைக்காமல் இருந்தார். அந்தப் பக்கமும் வைக்கவில்லை. நூலிழை இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனான். பதினாறு வருடங்களில் கையேட்டின் எல்லாச் சொல்லும் பெரியவருக்கு மனப்பாடம். மன்னிக்க என்ற சொல் அதில் ஒரே ஓர் இடத்தில், ஐம்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. அந்த விளையாட்டு ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைக் கேட்டதில்லை.

இப்போது அழைப்பு வராமல் இருபத்து மூன்று நாட்கள்.

ஓட்டுநர் போனதும் மனைவி பேனாவை மூடினார். "ஏங்க, இன்னைக்கு மார்க்கெட்ல சின்னவர் வீட்டுக்காரியப் பார்த்தேன்."

பெரியவர் துடைத்த வில்லையையே மறுபடியும் துடைத்தார். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"கம்ப்யூட்டருக்குத்தான். பழசு உசுர விட்டுடுச்சாம். பொண்ணு வந்திருந்தப்போ புதுசு வாங்கி வச்சுட்டுப் போயிருக்கா. அந்தக் கப்பல் விளையாட்டையும் புதுசா எங்கிருந்தோ இறக்கிப் போட்டுக் குடுத்திருக்கா. இது புத்தகம் கேக்காதாம்."

"புத்தகம் கேக்காத விளையாட்டு உண்டா? அப்ப அது எப்படி ஆடறதுன்னு ஆடறவனுக்கு யார் சொல்லுவா?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் கப்பல்லயா குடித்தனம் பண்றேன்?"

மறுநாள் காலை பெரியவர் கடையை நூலிழையிடம் விட்டுவிட்டுப் பேருந்து ஏறினார். விளையாட்டு வாங்கிய அதே கடை. முன்பு கல்லாவில் இருந்தவரின் மனைவி இப்போது கடையைப் பார்த்துக்கொண்டார். பாதிக் கடையில் கைபேசி உறைகள் தொங்கின. பெரியவர் ஒரு பெட்டியை எடுத்தார். காற்றைப் போல இருந்தது. திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு வட்டு, கையேட்டைச் செருகி வைப்பதற்கான இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள். கொக்கிகளுக்கு நடுவே எதுவும் இல்லை.

"இதுல புத்தகம் விழுந்துடுச்சு போல" என்றார்.

"விழலீங்க. போடறதே இல்ல." கடைக்காரம்மா பெட்டியை வாங்கி மூடினார். "முதல்ல அறுபது பக்கம் வந்துச்சு. அப்புறம் பத்து. அப்புறம் ஜாக்கிரதையா விளையாடுங்க, கண்ணு போயிடும்னு ஒரு தாள். இப்ப அதுவும் நின்னுபோச்சு. நிறைய விளையாட்டுக்குப் பெட்டியே கிடையாது, ஒரு நம்பர் குடுக்கறோம், வீட்டுல போய் அடிச்சுக்கிறாங்க. யாருங்க இப்ப படிச்சுட்டு ஆடறா? ஆட ஆட அதுவே திரையில சொல்லிக் குடுத்துடுது."

"அது சொல்லாம விட்டுட்டா?"

"சொல்லாம விடாதுங்க. தேவையில்லாததையும் சேர்த்தே சொல்லும்."

திரும்பும் பேருந்தில் பெரியவரின் மடியில் எதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர், அப்போதுதான் வாங்கிய ஏதோ ஒரு சாதனத்தின் பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு தூங்கினார். முக்கால் மணி நேரம் இவ்வளவு நீளமானது என்று பெரியவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைக்கு வந்து மனைவியிடம், "நிஜம்தான். புத்தகம் போடறதே இல்லையாம்" என்றார். யாரோ தவறிவிட்ட செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார்.

மனைவி பெயர்க் குறிப்பேட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "இன்னொண்ணும் சொன்னா அவ. அந்தப் பழைய விளையாட்டுலயும் அந்தக் கேள்வியே வராமப் பண்ண அப்பவே வழி இருந்துச்சாம். ஒரு சின்ன ஃபிளாப்பி போட்டாப் போதுமாம். பொண்ணு காலேஜ்ல இருக்கும்போதே செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கா. இவர்தான் வேணாம்னுட்டாராம்."

"ஏன்?"

"கேள்வி கேட்டாத்தான் கப்பலுக்கு மரியாதைன்னாராம்."

பெரியவர் இழுப்பறையைத் திறந்தார், மூடினார். "இத நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேத்து நீங்க புத்தகம் கேக்காத விளையாட்டே இல்லைன்னீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் உங்கள நம்ப வைக்க முடியும்."

இத்தனை வருடம். அவன் வேறு வழி இருந்தும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தான். அழைப்பு நின்றுபோனதுகூட அவனாக நிறுத்தியதில்லை. பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து அதையே யோசித்தார். வாசலில் வந்து நின்ற ஒரு பெண்மணியை நூலிழைதான் கவனித்து அனுப்பினான். நாலு மணிக்குப் பெரியவர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது அந்த விளையாட்டோட சேர்ந்த பொருள். அங்கதான் இருக்கணும்" என்றார்.

"கடைச் சாமான் கடைய விட்டுப் போகாதே" என்றார் மனைவி.

"இது கடைச் சாமான் இல்ல."

"சரி, நூலிழைகிட்ட குடுத்தனுப்புங்க. பத்து நிமிஷத்துல வந்துடுவான்."

தடுப்புக்குப் பின்னால் இயந்திரம் சட்டென்று உரக்க ஓடத் தொடங்கியது. "எனக்கு நாலு ஜோடி பாக்கி இருக்குங்கம்மா" என்று அதற்கு மேல் கத்தினான் நூலிழை. அன்று அவனுக்கு ஒரு ஜோடிகூடப் பாக்கி இல்லை.

பெரியவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மூன்று தெருவையும் கடமைக்குப் போகிறவர் போல நடந்தார். எதிரே வந்தவர்களின் வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார். மருந்துக்கடை, தையற்கடை, இரும்புப் படிக்கட்டு வைத்த மாடி வீடு. தம்பி வீட்டை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் எங்கேயும் நின்று விசாரிக்கவில்லை.

கூடத்தில் தம்பி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பின்தலையில் முடி கொட்டியிருந்தது. பெரியவருக்கு அது புதுச் செய்தி. முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருந்தார். காதில் மாட்டியிருந்த சட்டம் பெரியவர் கையால் வளைத்தது, கடையை விட்டுப் போன வருடத்தது. எழுத்தைப் படிக்க அந்தக் கண்ணாடியின் எண் இனிப் போதாது என்று இத்தனை தூரத்திலிருந்தே தெரிந்தது. திரையில் அலைகள் நிஜக் கடல்போல மின்னின. ஒரு மூலையில் சின்னக் கட்டமாக எழுத்து வந்தது.

"துறைமுகத்துக்குள்… நுழையும்போது… பாயை…" கட்டம் மறைந்துவிட்டது. தம்பி மேசையைத் தட்டினார். "சனியன், படிக்கிறதுக்குள்ள ஓடுது பாரு."

"துறைமுகத்துக்குள் நுழையும்போது பாயைப் பாதி இறக்க வேண்டும்" என்றார் பெரியவர். புத்தகம் அவர் கையில் மூடியே இருந்தது. "முழுக்க இறக்கினால் கப்பல் வெளியிலேயே நின்றுவிடும்."

தம்பியின் முதுகு அசையவில்லை. மவுஸின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. கப்பல் மெதுவாகத் தானே போய்க்கொண்டிருந்தது.

"எத்தனாம் பக்கம்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"பத்தொம்பது."

பெரியவர் வலிய ஓடிப்போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார் என்று உறவுக்காரர்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவர் தட்டவில்லை. கதவு திறந்தே கிடந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அதன் அடியில் ஒரு முழுச் செங்கல்லும் வைத்திருந்தது.